மாதம் பதினைந்து தடவை

ஒற்றை வாழைப்பழத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு ஆர்டிஸ் டோலெஃப்சன் வங்கி அட்டையை நீட்டுகிறார். கல்லாவில் இருக்கும் கெய்லா சிரிக்காமல் கேட்கிறாள்: "மாசக் கடைசியா?"

"ஆமா. இன்னும் ரெண்டு தடவை பாக்கி. பையெல்லாம் வேண்டாம், இங்கயே தின்னுடுவேன்."

தின்றுவிட்டு மறுபடி வரிசையில் நின்று ஒரு சூயிங்கம் வாங்குவார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி. தன் காருக்குப் பெட்ரோல் போட்டால்கூட பாதியை ஒரு தடவையும் மீதியை இன்னொரு தடவையுமாகத்தான் போடுவார். மாதம் பதினைந்து தடவை அட்டையில் பொருள் வாங்கினால், கணக்கில் கிடக்கும் பணத்துக்கு ஆறு சதவீத வட்டி தருகிறது அவருடைய வங்கி. ஒன்று குறைந்தாலும் அந்த மாத வட்டிக்கு முழுக்குதான்.

விஸ்கான்சினின் அந்தச் சிற்றூரில் இப்படி நிபந்தனை போடும் வங்கிகள் இரண்டு மூன்று உண்டு. எதில் சேரலாம் என்று சக ஓட்டுநர்கள் ஆர்டிஸிடம்தான் கேட்பார்கள். அவர் வட்டியை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் எடை போடுவது ஆளை. "உனக்கு அது ஒத்துவராது கர்ட். வண்டிச் சாவியவே அடிக்கடி தொலைக்கிறவன் நீ. நிபந்தனை இல்லாத மூணு சதவீதத்துல போட்டுட்டு நிம்மதியா இரு." கர்ட் கோபித்துக்கொண்டதில்லை.

போன இலையுதிர்காலத்தில் தம்பி டெல்மரும் யோசனை கேட்டு வந்தார். மனைவி ஜோன் இறந்தபின் கறவை மாடுகளை விற்றிருந்தார். அந்தப் பணம் வட்டியில்லாமல் கிடந்தது. பண்ணையை விட்டு வெளியே வராத மனிதர். மளிகையைக்கூட மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் அடைத்துவிடுவார். கர்ட்டுக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்ல ஆர்டிஸ் வாயெடுத்தார். அப்போதுதான் தம்பியின் சட்டையில் பொத்தான்கள் மாறிப் போட்டிருப்பது கண்ணில் பட்டது. பேச்சும் கரகரத்தது, நாள்கணக்கில் யாரோடும் பேசாத தொண்டையாக.

"ஆறு சதவீதத்துலயே போடு" என்றார் ஆர்டிஸ்.

"பதினஞ்சு தடவை எங்க போய் என்னத்த வாங்கறது அக்கா? மாடும் இல்ல, தீவனமும் வேண்டாம்."

"லின் கடையில காபி குடி."

"வீட்லயே காபி இருக்கே."

"அதுக்கு யாருடா வட்டி தரா? அப்புறம், பதினஞ்சையும் ஒரே நாள்ல முடிக்கப் பாக்காத. பேங்க்ல ஒத்துக்க மாட்டாங்க."

அப்படி ஒரு விதி அந்த வங்கியில் கிடையாது.

முதல் மாதம் டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காபியை வாங்கி, வண்டியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுத் திரும்பினார். ஜனவரிப் பனியில், "இந்தக் கிறுக்குப் பேங்குக்காக நான் பள்ளத்துல உருளணுமா?" என்று தொலைபேசியில் கத்தினார். வைத்தபிறகு ஆர்டிஸ் சாலை நிலவர அறிவிப்பைத் தேடிப் பார்த்தார். நிஜமாகவே உருண்டுவிட்டால்? ஆனாலும், போதும் நிறுத்திவிடு என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் கடைசி நாள். ஆர்டிஸ் வைத்திருந்த கணக்குப்படி தம்பிக்குப் பதினாலுதான் ஆகியிருந்தது. அழைத்தால் எடுக்கவில்லை. பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆர்டிஸ் நேரே லின்னின் காபிக் கடைக்கு ஓடினார். ஜன்னலோரத்தில் டெல்மர் சீட்டாடிக்கொண்டிருந்தார். எதிரே கர்ட்டும் இன்னும் இரண்டு பேரும்.

"நீ ஆடுற ஆட்டத்துக்கு உன் மாடே தேவலாம்" என்றார் கர்ட்.

"என் மாடு உன்ன மாதிரி ஏமாத்தாது" என்றார் டெல்மர். மேசையே சிரித்தது. அவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

லின் பில்லைக் கொண்டுவந்தாள். டெல்மரின் கை சட்டைப் பைக்குப் போனது. கர்ட் அதைப் பிடித்துக்கொண்டார். "விடுப்பா, இன்னிக்கு என் கணக்கு."

"சரி, நாளைக்கு என்னோடது" என்று டெல்மர் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.

வாசலிலேயே நின்றிருந்த ஆர்டிஸ், பதினைந்தாவதை நினைவூட்ட எடுத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். கதவில் தொங்கிய மணி ஒலிக்காதபடி அதைக் கையால் பொத்திப் பிடித்து, மெல்லச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.