பீடி சுற்றியபடி பேசியவள்

பேட்டையில் எங்கள் தெரு அங்கன்வாடி வாசலில் மூடியில்லாத சாக்கடை ஓடியது. என் மகள் தினமும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மாநகராட்சியில் போய் மனு கொடுப்போம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கு வந்தது நானும் இன்னொருத்தியும்தான். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள்.

தெருவில் முக்கால்வாசிப் பெண்களைப் போல அவளும் பீடி சுற்றுகிறவள். என்னைவிட இளையவள், விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. "குரூப்புல இன்னொரு தடவ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போன்ல கூப்பிட்டா போன்லதான்க்கா வருவாவ. வாங்க, வீடு வீடாப் போவோம்."

அவள் வாசலில் நின்று பேசவே மாட்டாள். உள்ளே போய் அந்த வீட்டுப் பீடித் தட்டை இழுத்துவைத்துச் சுற்றிக்கொண்டேதான் விஷயத்தைச் சொல்வாள். தொந்தரவு செய்கிறோமோ என்று நான் நெளிந்தேன்.

"அவ வேல கெட்டுப்போனா நம்ம பேச்சு காதுல ஏறுமாக்கா?" என்றாள்.

அடுத்த வாரம் அலுவலக வாசல் நிறையப் பெண்கள். அதிகாரி எட்டிப் பார்த்து, "ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்கம்மா" என்றார்.

"ரெண்டு பேராத்தான் போன வாரம் வந்தோம், சார்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தபடியே உள்ளே போனோம்.

மூன்றாம் நாள் சிமெண்ட் மூடிகள் வந்து இறங்கின. மகள் அவற்றின்மேல் குதித்துக்கொண்டு போனாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. அத்தனை வீட்டுப் பீடியையும் சுற்றிக் கொடுத்தவள் தன் பங்கை எப்போது சுற்றினாள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.