ஆரணி கோட்டை மைதானத்தில் ஓர் அமெரிக்க கோல்கீப்பர்

ஆரணிக்குப் பட்டு எடுக்கப் போக வேண்டும், வழி சொல்லுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் ஆரணி என்றால் எனக்குப் பட்டுக்கு முன்னால் பந்துதான் ஞாபகம் வருகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், பேருந்து விவரமெல்லாம் அங்கே இருக்கிறது.

நான் போனது 2003-இல், ஆயுத பூஜை விடுமுறையில். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையைக் கடையில் வாங்காமல் நெய்கிற இடத்திலேயே எடுக்கலாம் என்று ஆரணியில் ஏகாம்பரம் என்பவரைப் பிடித்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்து நெய்ய வைக்கிறவர். எனக்குத் துணையாக வந்தவள் என் அக்கா மகள் நித்யா. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள், இருபத்து நான்கு வயது, பக்கத்தில் நின்றால் நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். பெண்கள் கால்பந்தில் கோல்கீப்பர். அதுவும் சம்பளத்துக்கு ஆடுகிறவள்.

அந்தச் சம்பளத்தில்தான் வினை. அவள் ஆடிய லீக்கை அந்தச் செப்டம்பரில் இழுத்து மூடிவிட்டார்கள். பல வருஷத்துக்கு என்று போட்ட பணம் சீக்கிரமே கரைந்து போய், கூட்டம் குறைந்து, டி.வி.யில் பார்க்க ஆளில்லாமல், விளம்பரக் கம்பெனிகளும் கையை விரித்துவிட்டன. பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்கு எதற்குச் சம்பளம் என்று ஒரு கட்சி, பணம் போட்டுக் காட்டினால்தானே ஆள் வரும் என்று இன்னொரு கட்சி, அங்கே பத்திரிகையிலும் ரேடியோவிலும் ஒரே சண்டையாம். நித்யாவின் அப்பா முதல் கட்சி. மகளுக்கு ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை சொல்லி வைத்துவிட்டார், அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய பயிற்சியாளரோ, லீக் திரும்ப வருகிறவரை சம்பளமில்லாத ஒரு டீமில் வந்து ஆடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் படுத்துக் கிடந்தாள். ஆரணிக்கு வருகிறாயா என்றதும் எழுந்து கிளம்பிவிட்டாள்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்கு வண்டி. காஞ்சிபுரம், செய்யாறு வழியாக நூற்று நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம், அப்போது கட்டணம் நாற்பத்திரண்டு ரூபாய். நித்யாவைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, பொண்ணு போலீஸ் செலக்‌ஷனுக்குப் போவுதா?" என்றார். "இல்லைங்க, பந்து தடுக்கிறவ" என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

காஞ்சிபுரம் தாண்டியதும் தூறல். ஏரிகள் பாதி நிறைந்திருந்தன. வயல், பனை, மறுபடி வயல் என்று எல்லாம் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கலங்கி மிதந்து போயின. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நித்யா கண்ணாடியில் விரலால் கோல் கம்பம் வரைவாள், அது ஒழுகி அழியும், மறுபடி வரைவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஆரணி. ஆயுத பூஜையன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். சந்தனமும் குங்குமமும் பூசி, பூ சாத்தி, பாதி நெய்த புடவையோடு தறி அப்படியே ஓய்ந்திருக்கும். தெருவுக்குத் தெரு கேட்கிற தறிச் சத்தம் அன்றைக்கு இல்லாமல், ஊரே பகல் கனவு காண்கிற மாதிரி இருந்தது. ஏகாம்பரம் வீட்டில் பொரியும் பொட்டுக்கடலையும் கொடுத்து, ஒவ்வொரு புடவையாக விரித்தார். மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்தேன். விலையைச் சொல்ல மாட்டேன், இதை என் மகளும் படிப்பாள்.

புடவையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏகாம்பரம் பெருமையாக ஒரு நோட்டீஸை நீட்டினார். கோட்டை மைதானத்தில் இரண்டு நாள் கால்பந்துப் போட்டி, அவர்தான் கமிட்டிச் செயலாளர். நடுவில் கொட்டை எழுத்தில், 'சிறப்பு விருந்தினர்: அமெரிக்கத் தொழில்முறை வீராங்கனை நித்யா.' போன வாரம் போனில் நித்யாவும் வருகிறாள் என்று நான் சொன்னதும், தலைமை தாங்க வருவாங்களா என்று அவர் கேட்டிருந்தார். மாலை போடுவார்கள், பெண்ணுக்கும் மனம் கொஞ்சம் தேறும் என்று நானும் சரி சொல்லியிருந்தேன்.

"பரிசு நாளைக்கு ஃபைனல்ல குடுத்தா போதும்ங்க. கோப்பையும் ரெண்டு டீமுக்கும் ஜெர்சியும் நம்மாளு சொல்லி வெச்சிட்டான். மேடம் பில்லை மட்டும் பாத்துட்டா ஆச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் புரிந்தது. அந்த ஊரில் பரிசுச் செலவை ஏற்கிறவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் பெயர்தான் நோட்டீஸின் நடுவில் வரும். வருஷா வருஷம் அரிசி மில் கோதண்டம் கொடுப்பார், அவர் பெயர் வரும். இந்த வருஷம் அமெரிக்காவிலிருந்தே ஆள் வருகிறது என்று அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். தலைமை தாங்க வருகிறாயா என்றால் செலவைத் தாங்குகிறாயா என்று அர்த்தம், பச்சைக் குழந்தைக்கும் தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை.

நித்யா மறைக்கவில்லை. "அங்கிள், எனக்குச் சம்பளம் நின்னு போச்சு. ஆடும்போதே அதில் வீட்டு வாடகை கட்ட முடியாது. ஒரு குடும்பத்தோட வீட்டில் ஓசியிலதான் தங்கியிருந்தேன்" என்று போட்டு உடைத்தாள்.

ஏகாம்பரம் நம்பவில்லை. "அமெரிக்காவுல, பந்தாட்டத்துக்கு, காசு இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு, "பேஜாரா பூட்ச்சே! கோதண்டம் இப்ப தருவானா? நோட்டீஸ்ல பேரு இல்லாம அவன் ஒரு தேங்கா கூட ஒடைக்க மாட்டானே!" என்றார்.

மூன்று மணிக்கு எங்களை இட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஓரத்து டீக்கடையில் கோதண்டம் வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"அந்த ஊர்ல கூட்டம் வர்லன்னா கூலி ஏது? என் மில்லுல நெல்லு வர்லன்னா நான் மிஷின் ஓட்டுவனா?" என்றார்.

நித்யா விடவில்லை. "எங்க ஊரில் பசங்க எல்லாரும் பந்து ஆடுறாங்க சார். ஆனா பெரியவங்க காசு கொடுத்துப் பார்க்கிறது வேற ஆட்டம், கையால் பிடிச்சுக்கிட்டு ஓடுறது. எங்களுக்குப் பழகக் கொஞ்சம் டைம் வேணும். அதைக் கொடுக்க யாரும் இல்லை."

"உலகக் கோப்பைல உங்க பொண்ணுங்க ஆடினப்போ கூட்டம் அள்ளிச்சாமே, பேப்பர்ல போட்டான்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"அது திருவிழாக் கூட்டம்யா. தேர் அன்னிக்கு வர்ற கூட்டம் தினம் கோயிலுக்கு வருமா?" என்றார் கோதண்டம்.

"தெனம் நடை தொறந்து வெச்சாத்தான அண்ணே வரும்!" என்று ஏகாம்பரம் பாய்ந்தார். கடையே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அமெரிக்காவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டார்கள். என் அக்கா வீட்டுக்காரர் அங்கே இருந்தால் கோதண்டத்தைக் கட்டிப்பிடித்திருப்பார்.

சண்டை முற்றிக்கொண்டிருந்தபோது நித்யா எழுந்தாள். இரண்டாவது செமிஃபைனலும் முடிந்திருந்தது. பைக்குள் வைத்திருந்த கீப்பர் கையுறைகளை எடுத்தாள். ஆரணிக்கு அதை எடுத்து வந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "அங்கிள், ஒரு கிக்குக்கு அஞ்சு ரூபா. யார் வேணா அடிக்கலாம். நான் நிக்கிறேன். வர்ற காசில் உங்க பில்லைக் கட்டுங்க" என்றாள்.

மைக்கில் அறிவித்ததுதான் தாமதம், மைதானமே கோல் கம்பத்துக்குப் பின்னால் திரண்டுவிட்டது. முதலில் அடித்தவர் கோதண்டமேதான். பத்து ரூபாயை வீசி, "மீதி வேணாம், ரெண்டு அடி அடிக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் அடியில் செருப்புதான் பறந்தது. இரண்டாவதை நித்யா ஒற்றைக் கையால் பிடித்து, குனிந்து அவர் காலடியில் உருட்டிவிட்டாள். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? தூறல் விட்டு, மேகத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் வெயில் வந்தது. சேற்றில் வெள்ளைப் பந்து, சுடிதார் நனைந்த அந்த நெட்டைப் பெண், நெசவாளிகள், மில்காரர்கள், பஸ் டிரைவர்கள் என்று நீண்டு போகிற வரிசை. அவள் இடது பக்கம் பறந்தாள், வலது பக்கம் பறந்தாள், விழுந்து எழுந்தாள். சத்தமெல்லாம் எங்கோ தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. மாடியில் படுத்துக் கிடந்த பெண்ணா இவள் என்று அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

இருட்டுகிற நேரத்தில் வரிசையில் ஒரு பெண் வந்தாள். பேர் சரோஜா, நாற்பது வயசிருக்கும், ஏகாம்பரத்துக்குப் பட்டு நூல் சுற்றித் தருகிறவள். "பொம்பளைங்க அடிக்கலாமா?" என்று கேட்டாள். "கோல்ல நிக்கறதே பொம்பளைதான் அக்கா, ஜல்தி அடி" என்றார் ஏகாம்பரம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் விட்டாள் பாருங்கள், பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விட்டது. அன்றைக்கு விழுந்த ஒரே கோல். வேண்டுமென்று விட்டாயா என்று நித்யாவை இன்றுவரை கேட்கிறேன். சாமி சத்தியமாக இல்லை என்கிறாள்.

விசில் பறக்கிறது, யாரோ சரோஜாவைத் தூக்கப் பார்க்கிறார்கள், அவள் அவர்களைத் தட்டிவிட்டு நேராக நித்யாவிடம் வந்தாள். "இன்னும் ரெண்டு பேரை இட்டுகினு வரேன். நாளிக்கும் நிப்பியா கண்ணு?" என்றாள்.

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரிசைக் கோதண்டமே கொடுத்துக்கொள்ளட்டும், ஏழு மணி வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பார்த்த பார்வைக்குத் தலையை ஆட்டிவிட்டேன். "நிக்கிறேன் அக்கா" என்றாள்.

மறுநாள் சரோஜா இரண்டு பேரை அல்ல, ஒரு தெருவையே கூட்டிவந்தாள். பில் முழுக்கக் கட்டியாகிவிட்டது. கோப்பையை நித்யாவும் கோதண்டமும் சேர்ந்து கொடுத்தார்கள். அடுத்த வருஷ நோட்டீஸில் தன் பெயர் நடுவில் வர வேண்டும் என்று அவர் மேடையிலேயே சொல்லிவிட்டார்.

இனி போகிறவர்களுக்கு. ரயிலை நம்பாதீர்கள், ஆரணிக்கான ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து காலை வண்டியே நல்லது. ஆற்காடு வழியாகவும் வண்டிகள் உண்டு. தறி ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் ஆயுத பூஜையைத் தவிருங்கள். புடவையைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் விரித்துப் பார்த்து எடுங்கள், ட்யூப்லைட்டில் நிறம் ஏமாற்றும். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் சந்தவாசல் வழியாகப் படவேடு போய் வரலாம். யாராவது தலைமை தாங்கக் கூப்பிட்டால் முதலில் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஐ.எஸ்.டி. பூத் இருந்தது, இப்போது இருக்கிறதோ என்னவோ.

திரும்புவதற்கு முன்னால் அங்கிருந்துதான் நித்யா அப்பாவைக் கூப்பிட்டாள். அமெரிக்காவில் அப்போது விடிகாலை. கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை, அவர் குரலும் எனக்குக் கேட்டது. "அப்பா, ஆபீஸ் வேலை வேணாம்னு சொல்லிடுங்க. நான் கோச் சொன்ன டீமுக்குப் போறேன். ஆமா, சம்பளம் இல்லைதான்" என்றாள். "பாக்க ஆளில்லைன்னுதானேம்மா மூடினாங்க?" என்றார் அவர். இவள் ஆரணியைச் சொன்னாள், சரோஜாவைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் அவர் மெதுவாக, "எத்தனை பந்து தடுத்தே?" என்று கேட்டார்.

நித்யா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோதண்டத்தின் செருப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பந்தாகச் சொல்லத் தொடங்கினாள். நான் பூத்காரரிடம் இன்னொரு நூறு ரூபாயை நீட்டினேன்.