அம்மா கத்தரியைத் தொடாத வாரம்

எங்கள் ஊரில் தோட்டம் இல்லாத வீடு கிடையாது. ஆனால் பூவே இல்லாத தோட்டம் எங்களுடையது மட்டும்தான். இத்தனைக்கும் என் அம்மா க்வெண்டா பிரீஸ் பூ விற்கிறவள். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் பூ வளர்த்து கடைக்காரர்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுப்பாள்.

முன்பு அங்கே புல்தரை இருந்தது. சனிக்கிழமை தவறாமல் அப்பா அதைக் கோடு கோடாகச் செதுக்குவார். வேறொருத்தியோடு அவர் கார்டிஃப் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, அம்மா மண்வெட்டியை எடுத்தாள். ஒரு மாதத்தில் புல்தரை போய்விட்டது. அந்த இடத்தில், பந்து பந்தாக அடுக்கிதழ் விரியும் பியோனிப் பூச்செடிகளை வரிசையாக வைத்தாள். பியோனி நட்டு மூன்று வருஷம் ஆனால்தான் வெட்ட முடியும். விவாகரத்து முடியவும் அவ்வளவு காலம்தான் ஆனது, அதனால் காத்திருந்தது பெரிதாகத் தெரியவில்லை.

பூ விற்கிறவள் தோட்டத்தில் பூ இருக்காது என்பது பலருக்குப் புரிவதில்லை. விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள், மொட்டைத்தான் வாங்குவார்கள். அம்மா பியோனி மொட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். கல் மாதிரி இருந்தால் விட்டுவிடுவாள், காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தால் பாக்கெட்டில் இருக்கும் கத்தரியை எடுத்து வெட்டிவிடுவாள். ஃபாக்ஸ்குளோவ் என்று ஒரு செடி ஆள் உயரத்துக்கு நிற்கும், தண்டு முழுக்க ஊதா நிறத்தில் குழல் குழலாகத் தொங்கும். அதில் அடியில் இரண்டு குழல் திறந்தவுடன் வெட்டுப்பட்டு, விற்பனைக்குத் தண்ணீர் வாளிக்குப் போய்விடும். கண்ணுக்குத் தப்பி ஒரு பூ பாத்தியிலேயே விரிந்துவிட்டால், பஞ்சரான டயரைப் பார்ப்பது போல அதைப் பார்ப்பாள்.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் தோட்டம் திறக்கும் நாள். வெளியூரிலிருந்தெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள், கையில் வரைபடத்தோடு வீடு வீடாகப் போய் அடுத்தவர் தோட்டத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் ஊர்க்கூடத்தில் கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எந்தெந்த வீடு என்று முடிவு செய்கிறவர் மிஸஸ் டிட்லி. அம்மா முதல் தடவை கேட்டபோது அவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "உன்னோடது தோட்டம் இல்லம்மா க்வெண்டா, சந்தை," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அம்மா கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிறன்று சமையலறைத் திரையை இழுத்து மூடிவிட்டு, சுத்தமாக இருக்கிற பேருந்தை இன்னொரு தடவை கழுவுவாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இந்த வருஷம் அந்த ஞாயிறுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் மிஸஸ் டிட்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நடித்துவிட்டுச் சரி என்றாள்.

அன்றிலிருந்து கத்தரியைத் தொடவில்லை. கடைக்காரர்கள் கூப்பிட்டால் பூ இல்லை என்றாள். பெத்தன் என்ற பெண்ணின் கல்யாணம் அந்த ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை. அவளுக்கான மொட்டுகளை மட்டும் முன்னமே வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, கொட்டகையில் இருக்கும் பூ ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் செடியிலேயே இருக்கட்டும் என்று விட்டாள். விட்டாளே தவிர நிம்மதியாக இல்லை. பாத்தி ஓரமாக நடக்கும்போதெல்லாம் அவள் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போகும், கத்தரி இல்லாமல் திரும்பி வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிஸ்டர் புரோபர்ட் ஏப்ரலிலேயே ஒரு கட்டு இரும்பு வளையத்தைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று கேட்டிருந்தார். பியோனிச் செடியைச் சுற்றிக் குத்தி வைத்தால் பூ சாயாமல் தாங்கும். "எதுக்கு? என் பூ சாயற வரைக்கும் எங்கிட்ட என்னிக்கு இருந்துச்சு?" என்று அம்மா சிரித்தாள். இந்த வருஷம் இருக்கப்போகிறது என்பது ஏப்ரலில் அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வளையத்தின் ஞாபகம் வரவில்லை.

இதற்கு நடுவில் நான் வேறு. வெள்ளைப் பூவுக்குச் சாயமேற்ற அம்மா ஒரு நீலப்பொடி வைத்திருப்பாள். அதில் ஒரு கரண்டியைத் திங்கட்கிழமை ஆசிரியர் அறைத் தேநீர்க் கெண்டியில் போட்டேன். ஏழு ஆசிரியர்கள் நீலப் பல்லோடு வகுப்புக்கு வந்தார்கள். ஒரு வாரம் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு நஷ்டமில்லை. ஆனால் அம்மா என் ஃபோனைப் பிடுங்கிப் பேருந்தில் வண்டிச்சாவி வைக்கிற பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை நல்ல வெயில். அன்றைக்குத்தான் எல்லா மொட்டும் ஒரேயடியாகத் திறந்தது. அம்மா வீட்டில் இல்லை. விடுப்பில் போன ஓட்டுநருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளை ஏதோ கோட்டை பார்க்கக் கூட்டிப் போயிருந்தாள். திரும்பும் வழியில் பேருந்து நின்றுவிட்டது. கூட்டிப்போக வேறு வண்டி வரும்வரை, சாலையோரத்தில் வாந்தியெடுக்கிற பிள்ளைகளோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டார்ச் அடித்து ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்கும்," என்றாள்.

தாங்குமா என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு பூவை அது வாளிக்குப் போகிற நாள் வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அம்மா வாசற்படியிலேயே நின்றாள். விரிந்த பியோனிக்குள் தண்ணீர் புகுந்தால் ஈரத் துண்டு மாதிரி கனக்கும். அத்தனையும் மண்ணில் முகம் குப்புறக் கிடந்தன. ஃபாக்ஸ்குளோவ் வேறு மாதிரி. முந்தின நாள் வண்டு நுழைந்து போன குழலெல்லாம் கழன்று கீழே விழுந்திருந்தது. அடியில் வெறும் தண்டு, உச்சியில் மட்டும் ஒரு கொத்து. அம்மா ஒரு குழலை எடுத்து உள்ளே பார்த்தாள், மறுபடியும் தண்டில் மாட்டப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

பேருந்தைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார்கள், அதனால் அம்மா வீட்டில்தான் இருந்தாள். சனிக்கிழமை முழுக்க முட்டுக் கொடுத்தோம். மூங்கில் குச்சி, குடைக் கம்பி, என் பள்ளிக்கூட ஸ்கேல், அப்பா விட்டுப்போன தூண்டில் கோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் குத்தினோம். ஒன்றைத் தூக்கிக் கட்டினால் பக்கத்தில் இருப்பது கழுத்து ஒடிந்து விழும். நிமிர்ந்து நின்றதும் பழுப்பேறி, நனைந்த ரொட்டி மாதிரிதான் நின்றது. அம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயிற்றை மண்ணில் அறைந்தாள். கெட்ட வார்த்தையில் எனக்குத் தெரியாத இரண்டை அன்று கற்றுக்கொண்டேன்.

சாயங்காலம் நான் ஒரு யோசனை சொன்னேன். ஃபிரிட்ஜில் இருக்கிற மொட்டுகளை வெளியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் ஒரே ராத்திரியில் விரிந்துவிடும். பாட்டில்களைப் பாத்தியில் புதைத்து, அதில் பூவைச் சொருகினால் ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த மாதிரி விஷயத்தில் என்னை நம்பலாம்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொட்டகைக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். குளிர் போய்விடும் என்று ஒரு நொடிகூட யாரையும் திறந்து வைக்க விடாதவள், கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். மோட்டார் உறுமத் தொடங்கியது.

"அது பெத்தனோடது," என்று கதவைச் சாத்தினாள். "போ, அந்தக் குச்சியெல்லாத்தையும் பிடுங்கு. பாக்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தது. அதில்தான் எனக்கு அதிகக் கோபம். மிஸ்டர் புரோபர்ட்டின் பியோனிகள் வளையத்துக்குள் நின்றுகொண்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன. அம்மா அதுவரை ஒரே ஒரு தடவை போட்டிருந்த பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். தொப்பிக்காரர்கள் வந்தார்கள். எப்போது பூக்கும் என்று ஒருவர் கேட்டார்.

"வியாழக்கிழம பூத்துச்சு," என்றாள் அம்மா.

அவர் அடடா என்றார். அடுத்து வந்தவருக்கும் அதையே சொன்னாள், அதற்கடுத்து வந்த கணவன் மனைவிக்கும் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் அதையும் சொல்லவில்லை. ஒருவர் கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக வந்த மிஸஸ் டிட்லி பாத்திகளைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"எலையெல்லாம் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு, க்வெண்டா."

"தேங்க்ஸ்," என்றாள் அம்மா.

எல்லாரும் போன பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பூட்ஸைத் தேடினாள், கிடைத்ததைப் போட்டுக்கொள்ளவில்லை. நான் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்து ஒன்றை அவளிடம் கொடுத்தேன். என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

"வியாழக்கிழம நீ வீட்லதான இருந்த?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சு."

"நல்லாருந்துச்சுன்னா என்னடி அர்த்தம்? தேங்காத் துண்டு மாதிரி ஒரு வார்த்தைய வாய்ல வச்சுக்கிட்டு."

எனக்குச் சொல்ல வராது. கட்டுரையில் நான் எப்போதும் கடைசி மதிப்பெண். "காலைல ஒண்ணும் பெருசா இல்ல," என்றேன். "பதினோரு மணிக்கு மேலதான். மொதல்ல சத்தம் வந்துச்சு, வண்டுச் சத்தம். ஃபிரிட்ஜ்தான் ஓடுதுன்னு நெனச்சேன். வெளிய வந்து பாத்தா, நேத்து மூடியிருந்தது எதுவுமே மூடியில்ல. போஸ்ட்மேன் உள்ள வந்துட்டான்."

"யாரு, அந்தத் தாடிக்காரனா? லெட்டர வேலிக்கு மேல வீசிட்டுப் போறவனா?"

"அவன்தான். வண்டிய ஆஃப் பண்ணாமயே வந்து நின்னான். ரொம்ப நேரம் நின்னான். லெட்டர் குடுக்காமயே போய்ட்டான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சான்."

அம்மா தேநீரைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. "ஒரு ஃபோட்டோ எடுக்கணும்னு தோணலையா உனக்கு? கண்டதையெல்லாம் எடுக்கற, நாய் கொட்டாவி விட்டா எடுக்கற. இத எடுக்கத் தோணலையா குரங்கே?"

"ஃபோன் உன் பஸ்லதானம்மா இருந்துச்சு."

வேறு சமயமாக இருந்தால் இதைச் சொல்லிவிட்டு ஓடியிருப்பேன். ஓடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் புரோபர்ட் வளையங்களைத் தட்டிச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்புறக் கிடந்த ஒரு பியோனியைக் காலால் மெல்லப் புரட்டினாள், மண் அப்பியிருந்ததைப் பார்த்து மறுபடி விட்டுவிட்டாள்.

"சரி," என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லு. வேகமாச் சொல்லாத. கதவுக்குப் பக்கத்துல இருக்குதே, அந்த வெள்ளச் செடி. அதுல எத்தன பூ விரிஞ்சிருந்துச்சு?"

நான் எண்ணியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.