கொதிநீரில் சுருங்காத கறி

மைதா மாவைப் பிசைந்து, நீரில் அலசி, எஞ்சிய பிசுபிசுப்பில் ஆட்டுக்கறியைத் தேடும் தொழிலுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் போதும்; அதற்கு மேல் மனித உடம்பு தாங்காது.

என்னுடைய ஒரே வாடிக்கையாளர் என் மனைவி எஸ்தர். இதய அடைப்பை நீக்கி, வேலூர் மருத்துவமனையிலிருந்து அவளை ஆம்பூருக்கு அழைத்து வந்தபோது, ஆடும் மாடும் இனி அவள் தட்டுக்கு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். கோழியையும் மீனையும் அவள் ஒருநாளும் கறியென்று ஒப்புக்கொண்டவள் அல்லள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் பிரியாணி உண்பதே அவளுடைய வாரத்தின் நடுத்தூணாக இருந்தது. அந்தத் தூணை எடுத்ததும் மற்றக் கிழமைகளும் சரிந்தன. இட்லியைக் கிள்ளி வைத்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவனாக வாழ்நாளைக் கழித்த நான், ஓய்வு பெற்ற பின்பு கறி உற்பத்தியில் இறங்கிய காரணம் இதுவே. இதே பாதையில் சென்று கையும் மனமும் புண்பட்ட அன்பர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சோதனையில் தேறிய சரக்கு

பிசைந்த மாவை நீரில் ஊறவைத்து, பால்போல் வெளுத்து வரும் கஞ்சியை வடித்து வடித்துக் கழுவினால், இறுதியில் ஒரு பழுப்பு உருண்டை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். அதைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபோது என் நெஞ்சு விம்மியது. குறையற்ற சரக்கு! ஆயினும் சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. பதனிட்ட தோலுக்குச் செய்வதுபோல் ஒரு துண்டை நறுக்கி, காகிதத்தில் வைத்து அதன் ஓரங்களைக் கோடிட்டுக்கொண்டு, கொதிக்கும் நீரில் போட்டேன். நன்றாகப் பதப்பட்ட தோல் கொதிநீரில் சுருங்காது. என் துண்டும் சுருங்கவில்லை. கோட்டைத் தாண்டிச் சற்று உப்பியும் இருந்தது.

வெற்றியோடு குழம்பு வைத்துப் பரிமாறினேன். எதிரே அமர்ந்து, தோலின் முகப்பைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தையும் காட்டினேன். அவள் நெடுநேரம் மென்றாள். தாடை வலித்திருக்க வேண்டும், கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “இன்னாங்க, கறின்னா வெந்தா சுருங்கும். சுருங்கலைன்னு சந்தோஷப்படுறீங்களே, இது செருப்புக்குத்தான் ஆவும்.”

பலாப்பிசின்

மைதா கைவிட்ட நிலையில், பிஞ்சுப் பலாக்காயில் நார் நாராகக் கறியின் தன்மை உண்டு என்று படித்தேன். ஆலங்காயம் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்து விற்கும் ஓர் அம்மையாரைச் சந்தையில் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு காயையும் கட்டை விரலால் அழுத்தி, புரட்டி, முகர்ந்து, வேகவைத்தால் ஆட்டுத் தொடைபோல் பிரியுமா என்று நான் கேட்கக் கேட்க, அந்த அம்மையாரின் பொறுமை தேய்ந்துகொண்டே வந்தது.

வீட்டில் அறுத்தபோது பிசின் கத்தியிலும் கையிலும் மூக்குக் கண்ணாடியிலும் ஒட்டியது. எல்லா எண்ணெயையும் தேய்த்துத் தீர்த்தேன். எஸ்தர் ஒரு வாய் உண்டாள். “கூட்டு நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கறியைக் கூட்டென்று சொன்ன பின் நான் சட்டியை மூடி வைத்தேன். சந்தையில் அந்த அம்மையார் சொன்னதை அப்போதே கேட்டிருக்கலாம்: “யோவ் பெரியவரே, இது பலாக்காய். நீ எவ்ளோ மசாலா போட்டாலும் இது ‘மே’ன்னு கத்தாது.”

பாய் போட்ட தம்

குற்றம் சரக்கில் இல்லை, என் சமையலில்தான் என்று ஒருநாள் முடிவு செய்தேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த பஷீர் பாயை மேல்விஷாரத்திலிருந்து வரவழைத்தேன். கல்யாண வீடுகளில் அவர் போடும் பிரியாணிக்காகவே மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், கத்தரிக்காய்த் தொக்கு என்று எதிலும் குறை வைக்காமல், என் மைதாக் கறியைப் போட்டுத் தம் கட்டினார். மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்துக்கு எஸ்தர் தானாகவே எழுந்து வந்து அமர்ந்தாள். பல மாதங்களுக்குப் பின் அவளே தட்டை எடுத்து வைத்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எதிரே அமர்ந்தேன்.

அரிசியை உண்டாள். கத்தரிக்காயை உண்டாள். என் துண்டுகளை மட்டும், எலும்பை ஒதுக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டோரத்தில் அடுக்கினாள். நான் ஒவ்வொன்றையும் பார்ப்பதைக் கண்டதும் அரிசியையும் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனாள். பஷீர் பாய் என் தோளில் கை வைத்தார்: “தோஸ்த், பேஜார் ஆவாதே. அரிசி நம்ம பேச்சக் கேட்டுச்சு. உன் சரக்குதான் யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது.”

எடை பார்த்தல்

மறு பரிசோதனைக்கு வேலூர் சென்றோம். எடை பார்க்கும் கருவியில் அவளை ஏறச் சொன்னார்கள். ஏறுவதற்கு முன் வளையலைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். கழற்றத் தேவையே இருக்கவில்லை. கையைத் தொங்கவிட்டதும் அது தானாகவே நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

இளம் மருத்துவர் பழைய எடையையும் புதிய எடையையும் ஒப்பிட்டார். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நான் செய்த முயற்சிகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தினார்: “ஐயா, நான் கறியைத்தான் நிறுத்தச் சொன்னேன். சோத்த நிறுத்தச் சொல்லவே இல்லையே.”

கதவுக்கு அப்பால்

அடுத்த ஞாயிறு, கடைசி முயற்சி என்று எண்ணியே மாவைக் கழுவினேன். இம்முறை சோதனை எதுவும் செய்யவில்லை. ஆவியில் வேகவைத்து, கையால் பிய்த்து, மிளகாய் விழுதில் முறுகப் புரட்டிச் சோற்றோடு வைத்தேன். வழக்கம்போல் எதிரே அமர்ந்தேன். அவள் ஒரு துண்டை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். துண்டைத் தட்டில் வைத்துவிட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. காரத்தினால் அல்ல, அவள்தான் இன்னும் உண்ணவே இல்லையே.

“இன்னா பாக்குறீங்க? நான் இன்னா தோலா? நீங்க எதிர்ல குந்திக்கினு என் வாயையே பாத்துக்கினு இருந்தா ஆட்டுக்கறியே எறங்காது. நல்லா இல்லன்னா உங்க மூஞ்சி தொங்கிப்பூடும்னு பயந்து பயந்துதான் எனக்குப் பசியே செத்துப்போச்சு. எழுந்து அப்பால போங்க. கதவ சாத்திக்கினு போங்க. தட்ட நானே கழுவிக்கிறேன்.”

விரலால் தடவியே தோலின் தரம் சொன்ன நான், இப்போது ஞாயிறுதோறும் சாத்திய கதவுக்கு வெளியே அமர்ந்து, தட்டில் விரல் உரசும் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு, என் கறி போய்ச் சேர்ந்தது அவள் வாய்க்கா தட்டோரத்துக்கா என்று தரம் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.