மின்சைக்கிள் என்று எழுதச் சொன்னேன்

நான் விழவில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலித்தது; உடைந்த கை அதற்கு அப்புறம்தான்.

என்னை ஒரு மின்சைக்கிள் இடித்தது. இடித்ததால் தரைக்குப் போனேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ‘மூதாட்டி, கீழே விழுந்தார்’ என்று ஏறிவிட்டது. அதை நம்பி என் மகன், தேக்காவில் நான் தனியாக இருக்கும் வீட்டைக் காலிசெய்து, செங்காங்கில் தன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோக லாரி பேச ஆரம்பித்தான். செங்காங் நல்ல ஊர்தான். எனக்கென்று ஒரு அறைகூட ஒதுக்கியிருந்தான். இஸ்திரி மேசையும் பெட்டிகளும் அதில் ஏற்கெனவே குடியிருந்தன. அவற்றோடு சேர்த்து என்னையும் வைப்பதாக ஏற்பாடு.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளும் நானும் மீன் வாங்கிக்கொண்டு, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வந்தோம். சாப்பாடு கொண்டுபோகும் நடுவயதுக்காரர் ஒருவர் எதிரே வந்தார். அங்கே மின்சைக்கிள் ஓட்டக்கூடாது என்பதால் ஒழுங்காக இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஒரு கையில் போன், மறு கை கைப்பிடியில். போனைப் பார்த்தபடி கைப்பிடியை முறுக்கிவிட்டார். ஆள் இறங்கிவிட்டார் என்பது சைக்கிளுக்குத் தெரியவில்லை. அதுபாட்டுக்குப் பாய்ந்து வந்து என் இடுப்பில் மோதியது. இடது மணிக்கட்டு உடைந்தது. மீன் தப்பித்தது.

ஆஸ்பத்திரியில் மருமகள் கூடவே வந்தாள். “எனக்கு வாய் இருக்கு, நான் சொல்லிக்குவேன். நீ போய் அடையாள அட்டையக் குடுத்துப் பதிவு பண்ணு” என்று அவளை அனுப்பிவைத்தேன். தமிழ் பேசும் தாதி ஒருத்தி வந்து, “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டாள். ஒரு சங்கதியைச் சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவிலிருந்து சொல்வது மரியாதையில்லை. ஆகவே காலையில் மருமகள் வந்ததில் ஆரம்பித்தேன். பிறகு மீன்கடைக்காரன் வஞ்சிரத்துக்குச் சொன்ன விலை, அதற்கு நான் சொன்ன பதில். அஞ்சடிக்கு நான் வந்து சேர்வதற்குள் தாதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

“கடைசில கீழ விழுந்தீங்களா இல்லியாம்மா?”

“விழுந்தேன். ஆனா…”

அவள் டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். என் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

அன்று என்னை வார்டில் சேர்த்தார்கள். கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். விழக்கூடியவர் என்று அதற்கு அர்த்தமாம். கழிவறைக்குப் போனால்கூட ஒருத்தி பின்னாலேயே வந்தாள். ஒரு பெண் வந்து தரையில் கோடு காட்டி நடக்கச் சொன்னாள். நடந்தேன். நன்றாக நடக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுக் கைத்தடிக்கு எழுதிக் கொடுத்தாள்.

இத்தனைக்கும் என் மருமகளுக்கு இதுதான் தொழில். வேறொரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, டாக்டர்கள் எழுதியதைப் படித்துப் படித்து நம்பர் போடுகிறாள். கோடிங் என்பார்கள். எலும்பு உடைந்தால் எலும்புக்கு ஒரு நம்பர், உடைந்த விதத்துக்கு வேறொரு நம்பர். படியில் உருண்டால் ஒன்று, சைக்கிள் இடித்தால் ஒன்று, அது மின்சைக்கிளாக இருந்தால் தனியாக ஒன்று. நான் நாலு எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவள். இருந்தாலும் ஈசூனில் இருக்கும் என் தங்கையிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

“நீதான் கண்ணால பாத்தியே. மாத்திப் போடச் சொல்லு” என்றேன்.

“அத்தை, நான் பாத்தது கணக்குல வராது. டாக்டர் எழுதினதுக்குத்தான் கோட் போடுவாங்க. அவர் சைக்கிள்னே எழுதல.”

“அப்ப நீ பாத்தது பொய்யா?”

“பொய் இல்ல லா. ஃபைல்ல இல்ல. அவ்வளவுதான். உங்க மகன்கிட்டயும் சொல்லிப் பாத்தேன், ஃபைல்ல இருக்கிறதத்தான் நம்புறாரு.” அப்புறம் அவளே ஒரு வழியும் சொன்னாள்: “கட்டுப் பிரிக்கப் போறப்ப டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஆனா மீன்லேருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் வார்த்தையே சைக்கிளா இருக்கணும்.”

மாமியாருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற மருமகள். பொறுத்துக்கொண்டேன். என் வீடு அல்லவா போகிறது.

கட்டுப் பிரிக்கும் நாளில் டாக்டர் சின்ன வயதுச் சீனர். ஹலோ என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “டாக்டர், இ-பைக் லங்கார் மீ. ஐ நோ ஃபால்.” லங்கார் என்றால் மலாயில் மோதுவது; இங்கே சீனருக்கும் புரியும்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓ. ஹி ரைடிங் ஆ, ஆன்ட்டி?”

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதர் இறங்கித்தான் வந்தார். என் காரியத்துக்காக அவரை நான் ஏன் ஏற்றிவைக்க வேண்டும்? “நோ. புஷிங்” என்றேன்.

டாக்டருக்குக் கை நின்றுவிட்டது. ஓட்டாத சைக்கிள் எப்படி இடிக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் நான் எழுந்து, அவர் உட்கார்ந்திருந்த, சக்கரம் வைத்த நாற்காலியையே பிடித்துத் தள்ளிக் காட்டினேன். சுவர்வரை போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிவந்து எழுதினார்: ஒருவர் தள்ளிவந்த மின்சைக்கிள் மோதியதால் விழுந்தார். பழைய வரியை அழிக்க முடியாதாம். கீழே சேர்க்கத்தான் முடியுமாம். மருமகள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “போதும் அத்தை” என்றாள்.

அன்று மாலை மகன் வந்தான். நடந்ததைச் சொன்னேன், முதல் வார்த்தையாகச் சைக்கிளைப் போட்டு. முழுவதும் கேட்டான்.

“பாத்தீங்களா? தள்ளிட்டுப் போற சைக்கிளே இடிக்குதுன்னா தேக்கா எவ்வளவு டேஞ்சர்! இனிமே நீங்க இங்க இருக்கவே கூடாதும்மா.”

விழுந்தாலும் செங்காங், இடித்தாலும் செங்காங். எந்த நம்பருக்கும் அவனிடம் அதே லாரிதான் இருந்தது.

மருமகள்தான் வாயைத் திறந்தாள். “செங்காங்குல நம்ம புளோக் கீழ எத்தனை மின்சைக்கிள் நிக்குதுன்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? லிஃப்ட்குள்ளயே ஏத்திட்டு வர்றாங்க. அங்க யாரும் இறங்கித் தள்ளுறதுகூட இல்ல. அத்தைய அங்க கூட்டிட்டுப் போனா அடுத்த கேஸுக்கு டாக்டர் யோசிக்கவே வேணாம். உடனே கோட் கிடைக்கும்.”

மகன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் பெரியவர்கள் பேசக்கூடாது.

லாரி வரவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் மகன் வருகிறான். அஞ்சடியில் எனக்கு முன்னால் நடக்கிறான். ஆனால் கண் முழுக்கப் பின்னால் என்மேல்தான். “பாத்து வாங்கம்மா, பாத்து” என்று சொல்லிக்கொண்டே போய் எதிரில் வருகிறவர்கள்மேல் மோதுகிறான். போன வாரம் ஒரு சீனப் பாட்டியின் கூடையில் இருந்த ஆரஞ்சுகள் எல்லாம் உருண்டன. நானும் மருமகளும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.