ஒற்றைச் சுருதியில் ஒரு வழக்கு

தாங் யூசென்னை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாங்ஹுவா ஆற்றின் தென்கரையில், எங்கள் மணல் ஊரில், அவளிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. என் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, என் நூடுல்ஸையே தின்றுகொண்டு, "இந்தக் குழம்புல மீன் கால் நனைச்சுட்டுப் போயிருக்கு போல" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னவள். அன்று இருவர் எழுந்து போய்விட்டார்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் பத்து வகை. சில நீட்டிச் சொல்லும் சொற்களுக்கு, சில வாயைப் பட்டென்று அடைத்து நிறுத்தும் சொற்களுக்கு. ஒன்று பிசகினால் வேறு சொல். அதிகாரிகள் தாளில் நாங்களும் நாட்டின் பெரும்பான்மையான ஹான் இனம். வாயைத் திறந்தால் எந்த ஹான்காரனுக்கும் எதுவும் விளங்காது. சந்தைக்கு வரும் வெளியூர் வியாபாரிகள் நாங்கள் விலை கேட்பதையே அடிதடி என்று நினைத்து ஒதுங்குவார்கள். யூசென் பேசினால் ஒதுங்குவதே நல்லது. பத்தும் அவள் வாயில் தனித்தனியாக விழும். பல்கலைக்கழகத்திலிருந்து சொற்களைப் பதிவு செய்ய வந்தவர்கள் ஊரில் அத்தனை பேரையும் கேட்டுவிட்டு அவளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்களையும் அவள் திட்டித்தான் அனுப்பினாள்.

அவளுடைய திட்டில் பெரும்பங்கு ஜாவ் ஹாய்லியனுக்குப் போனது. ஹாய்லியன் அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அண்ணன் தம்பி பாகம் பிரித்த தர்ப்பூசணிக் கொல்லைகள் அடுத்தடுத்து இருந்தன, நடுவே கள்ளி வேலி. முப்பது வருடமாக இருவரும் அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள்.

ஒன்பது வருடம் முன்பு யூசென்னின் கணவன் செத்தான். அந்த வாரத்தில் வேலி நகர்ந்தது. கள்ளிக்கு வேர் தோண்ட வேண்டாம். பழையதைத் தரையோடு வெட்டி, ஒரு மடலை ஒடித்து அந்தப் பக்கம் குத்தி வைத்தால் போதும், மூன்றே வருடத்தில் அங்கேயே பிறந்த மாதிரி நிற்கும். யூசென்னுக்கு எட்டு முழ அகலத்துக்கு, கொல்லையின் முழு நீளமும் போய்விட்டது. யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை. மீன் கால் நனைத்த குழம்புக்காரி எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்?

போன வருடம் யூசென்னின் தொண்டையில் கட்டி வந்தது. ஹைகோ நகர ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளையோடும், பேச ஒரு கருவியோடும் திரும்பினாள். கழுத்தில் வைத்து அழுத்தினால் வண்டு மாதிரி ரீங்காரம் வரும், அதை வாயால் சொல்லாக்க வேண்டும். ஏற்ற இறக்கம் நாலே உள்ள மாண்டரின் பேசுகிறவர்கள் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்களாம். எங்கள் பேச்சுக்கு அது உதவவில்லை. பத்தும் போய் ஒரே சுருதி. உப்பு கேட்கிறாளா, ஊரைத் திட்டுகிறாளா, யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு எழுத்தும் தெரியாது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான், முதல் தடவையாக, கொல்லை எல்லைகளை அளந்து பதிவேட்டில் ஏற்றும் வேலை வந்தது. ஏறிவிட்டால் பிறகு முட்டிக்கொண்டாலும் மாறாது. எங்கள் ஊரில் எல்லை வழக்குக்கு ஒரு முறை உண்டு. உடையவர் எல்லையில் நின்று, தன் வாயால், எதிராளியின் முகத்துக்கு நேராகக் குறையைச் சொல்ல வேண்டும். எதிராளி பதில் சொன்னால்தான் வழக்கு எழும், அளவு நாடா வெளியே வரும். அடுத்தவர் வாய் செல்லாது.

யூசென் வந்தாள். ஊர்க்குழு ஆள் வென் தேபிங் பதிவேட்டோடு நின்றான். வேடிக்கை பார்க்க நாங்கள் இருபது பேர். அவள் கருவியைக் கழுத்தில் வைத்தாள். ரீங்காரம், ஒரு முழு நிமிடம்.

தேபிங் தலையைச் சொறிந்தான். "பெரியம்மா, ஒண்ணும் வெளங்கலியே. ஹாய்லியன் அத்தை, உங்களுக்கு ஏதாச்சும்?"

"எனக்கு எப்படிப்பா புரியும்?" என்றாள் ஹாய்லியன், தொப்பியைச் சரி செய்துகொண்டு. "பாவம், நோயாளி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வெயில்ல நிக்க வெக்காதீங்க."

அந்தப் 'பாவம்' எனக்கே எரிச்சலாக இருந்தது. முப்பது வருடத்தில் அவள் யூசென்னைப் பார்த்துச் சொன்ன முதல் பாவம் அது.

யூசென் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. ஹாய்லியன் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தேபிங் பேனாவைத் திறந்தான். "அப்ப வழக்கு இல்லேன்னு எழுதிடறேன்."

யூசென் கருவியை இறக்கினாள். மூச்சு விட்டாள். பிறகு வேலியை ஒட்டிப் போய், ஹாய்லியனின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கருவியை மறுபடி கழுத்தில் வைத்து நிதானமாக ஏதோ சொன்னாள். எங்கள் காதில் விழுந்தது வண்டுதான்.

ஹாய்லியனின் முகம் சிவந்தது.

"அடிப்பாவி, உன் புருஷன் பொணம் கெடக்கும்போது யாரு நட்டா? எம் மேல அபாண்டம் போடாத. அன்னைக்கு நான் உன் வீட்ல அரிசி களஞ்சுட்டு இருந்தேன். பொதச்சு மூணாம் நாளுதான் நட்டேன்."

ஹாய்லியன் வாயை மூடினாள். மூடி என்ன பயன்?

தேபிங் மெதுவாகக் கேட்டான். "அத்தை, அவங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம?" என்று சீறினாள் ஹாய்லியன். மறைக்க இனி ஒன்றும் இல்லை, ஆத்திரம் மட்டும் மிச்சம். "வந்ததுலேர்ந்து ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சுது. முப்பது வருஷம் இவ கிட்ட திட்டு வாங்கினவ நான். இவ வாய் கோணினாலே என்ன வரும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னடா தெரியும்?"

நட்டது மூன்றாம் நாள் என்று யூசென்னுக்கு நன்றாகத் தெரியும். பிணம் கிடக்கும்போதே நட்டாய் என்ற பொய்யைத்தான் அவள் வேண்டுமென்றே ஹாய்லியன் முகத்தில் எறிந்தாள். செய்த திருட்டைப் பற்றிக் கேட்டபோது புரியாதவள் போல நின்றவளுக்கு, செய்யாத குற்றம் பொறுக்கவில்லை. அந்த நிமிடம் யூசென்னை எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

தேபிங் நாடாவை எடுத்தான். பழைய கள்ளியின் அடிக்கட்டை மணலுக்குள் ஒரு முழ ஆழத்தில் வரிசையாகக் கிடைத்தது. எல்லை திரும்பியது.

அன்று மாலையே யூசென் ஒரு கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு வேலியைப் பிடுங்கினாள். பிடுங்கிய மடல்களை ஹாய்லியனின் கொல்லைக்குள் எறிந்துகொண்டே மறு கையால் கழுத்தில் வண்டை வைத்துப் பேசினாள், விடாமல். ஹாய்லியன் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தாள். நான் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பாதிச் சண்டைதான் எங்களுக்குக் கேட்டது. இன்னொரு பாதி அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்.