அறுபத்தைந்து கிலோ

அண்ணன் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரை நல்ல மெக்கானிக் என்றார்கள். உண்மைதான். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஆனால் எனக்கு எழுதத் தோன்றுவது அவர் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற டிராம்போலினைப் பற்றி.

அவருக்கு ஒரு தொழில் புத்தி இருந்தது. யார் எதிரே வந்தாலும் மனசுக்குள் எடை போட்டுவிடுவார். லிஃப்ட்டுக்குள் எட்டுப் பேர் ஏறினால் கதவு மூடுவதற்குள் கூட்டி முடித்திருப்பார். வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே தராசு. அண்ணியை முதன்முதலில் சந்தித்தபோது ஐம்பத்தாறு கிலோ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். "அரைக் கிலோ கூடத் தப்பில்ல. அந்தக் கோபத்துலதான் கட்டிக்கிட்டேன்" என்பாள் அண்ணி.

டிராம்போலின் அவருடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டிலிருந்து சாக்கு மூட்டைகளில் வந்தது. அவர்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அண்ணன் அதைப் பூட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டார். முதல் ஞாயிறு முழுக்க ரசமட்டம் வைத்துத் தரையைச் சமப்படுத்தினார். குதிக்கும் துணியைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கிற எழுபத்திரண்டு ஸ்பிரிங்குகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, துருவேறியதையும் கொக்கி விரிந்ததையும் ஒதுக்கி, அதே நீளத்தில் புதிதாக வாங்கினார். ஒரு பக்கம் ஒன்று மாட்டினால் அடுத்ததை நேர் எதிரில் மாட்டினார். ஸ்பிரிங்குகளின் மேல் மெத்தை, சுற்றிலும் வலை. செருப்பு, பெல்ட், பையில் சாவி எதுவும் கூடாது. நடுவில்தான் குதிக்க வேண்டும். விளிம்பிலிருந்து தாவி இறங்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது ஏணி வீட்டுக்குள் போய்விடும். இத்தனையையும் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர், அதிகபட்சம் நூறு கிலோ. இரண்டாவது பாதிதான் அவர் கண்ணில் பட்டது. அப்போது அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது, நாற்பத்தேழு கிலோ. என் மகளுக்கு ஆறு வயது, பதினெட்டு கிலோ. ஆக மொத்தம் அறுபத்தைந்து. இருவரையும் ஒன்றாக ஏற்றினார். லிஃப்ட்காரர் வேறு என்ன செய்வார்? நானும் அங்கேதான் நின்றேன். அவர் கூட்டினால் அப்பீல் கிடையாது.

நான்காவது வாரம் அது நடந்தது. என் மகள் கால் ஊன்றும் நொடியில் பெரியவன் பக்கத்தில் வந்து இறங்கினான். அவன் அழுத்திய துணி மேலே திரும்பி வந்து, அவளை ஒரு பந்தைப் போலத் தூக்கி எறிந்தது. வலை பிடித்துக்கொண்டது. வெளியே விழவில்லை. ஆனால் கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இன்னும் தோட்டத்து மண்.

"ஒரு ஸ்பிரிங் கூட விடலம்மா. வலை கிழியல. ரெண்டு பேரும் சேர்ந்து அறுபத்தஞ்சுதான்."

"உனக்கு எடைதான்ணா தெரியும். ஆளைத் தெரியாது."

அவர் கட்டுப் போட்டு முடிக்கும்வரை இருந்து, எங்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாகிவிட்டது, ஆனால் எனக்குப் போக மனம் வரவில்லை. அண்ணிதான் அவ்வப்போது போன் செய்வாள். அண்ணன் தன் மகனையும் அதில் ஏற்றுவதில்லையாம். ஆனால் பிரிக்கவும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இலை கூட்டி, தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவி, மழை பெய்தால் ஸ்பிரிங்குகளைத் துணியால் துடைத்து, காற்றுக்கு முன்னால் வலையைக் கழற்றி, பிறகு மாட்டுவாராம். "இந்த வீட்டுல எனக்குக் கிடைக்காத கவனிப்பு" என்றாள். யாரும் ஏறாத பொருளுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். நான் கேட்பதற்காகவே காத்திருந்தவள் போல, நீயே வந்து கேளேன் என்றாள்.

என் மகளும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பின்புறம் அழைத்துப் போய், தோட்டத்து உருண்டைக் கல் ஒன்றைத் துணியின் நடுவில் வைத்தார். தள்ளி ஒரு சின்ன பிளாஸ்டிக் பந்து. கல்லைத் தூக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். பந்து எகிறி வலையில் மோதியது. இதை எத்தனை தடவை செய்து பார்த்திருப்பாரோ.

"கூட்டினது சரிதான்" என்றார். "கூட்டியிருக்கவே கூடாது. லிஃப்ட்டுல எல்லாரும் சேர்ந்து ஏறுவாங்க, சேர்ந்து இறங்குவாங்க. இதுல ஒருத்தன் இறங்குறப்போ இன்னொருத்தரு ஏறுறாங்க."

கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

"இனிமே ஒருத்தர்தான். நீ சரின்னா ஏறட்டும். வேணாம்னா இன்னைக்கே பிரிச்சுடறேன். நீதான் சொல்லணும்."

முப்பத்தொரு வருடம் ஒரு லிஃப்ட் ஓடலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட்டவர், என்னிடம் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுற்றி வந்தேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், வலையை இழுத்துப் பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

"சின்னத ஏத்துண்ணா" என்றேன்.

முதலில் பயந்து பயந்து, பிறகு கொஞ்சம் தைரியமாக, நடுவிலேயே குதித்தாள். பெரியவன் தன் முறைக்காகப் புல்லில் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவே பயந்தவனைப் போல. அவளுடைய முழங்கால் மடிகிற ஒவ்வொரு தடவையும் அண்ணனுடைய முழங்காலும் லேசாக மடிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நினைத்தேன். வாய் வரவில்லை. பிறகும் வரவேயில்லை.

கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறும் வரோம்ணா" என்று மட்டும் சொன்னேன்.

"காலைலயா, சாயங்காலமா?"

"காலைல."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ பத்து மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னால பனி ஈரம் காயாது. துணி வழுக்கும்."